டெண்டருக்கு முந்தைய கணக்கு

1985-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எஸ்டிமேட் என்பது வரைபடம் முடிந்தபின் தொடங்கும் வேலை. அமோனியா வாடை மாறாத பிரிண்ட் மேசைக்கு வரும். அதிலுள்ள அளவுகளைப் பார்த்து எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், கன அளவு என்று ஃபுல்ஸ்கேப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவோம். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வானம் தோண்டுவதிலிருந்து வெள்ளையடிப்பது வரை எழுதி முடிக்க இரண்டு வாரமாவது ஆகும். இன்று அதே கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக எழுப்பும்போதே செங்கல் கட்டின் கன அளவும் பூச்சின் பரப்பும் பக்கத்தில் வந்து நிற்கின்றன. சுவரை ஓரடி தள்ளினால் தொகையும் தள்ளிப்போகிறது.

முதல் மாதம் நான் செய்த தவறு இன்னும் நினைவிருக்கிறது. உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர் உள்ள ஓர் அறை. ஒன்பது அங்குலச் சுவர், அதாவது 0.23 மீட்டர். நான்கு சுவர்களையும் வெளிப்பக்கமாக அளந்து 15.84 மீட்டர் என்று எழுதியிருந்தேன். ஓவர்சியர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, மூலை நாலையும் ரெண்டு தடவ கட்டிட்டீங்க" என்றார். சுவரின் நடுக்கோட்டில் அளந்தால் 14.92 மீட்டர்தான். மிச்சம் 0.92. மூன்று மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் முந்நூறுக்கு மேற்பட்ட செங்கல், கட்டாத சுவருக்கு. இன்றைய மென்பொருள் இந்தத் தவறைச் செய்வதில்லை. ஆனால் அந்தத் தாளை நிரப்பியவனுக்கு, வரைபடத்திலுள்ள ஒவ்வொரு மூலையும் ஒருமுறையாவது கண்ணில் பட்டிருக்கும்.

அந்தக் காலத்தின் பெரிய குறை வேறிடத்தில் இருந்தது. எஸ்டிமேட் முடிந்து தொகை நிர்வாக ஒப்புதலைத் தாண்டிவிட்டது என்று தெரியும்போது, மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. மறுபடி வரைந்து மறுபடி அளக்க யாருக்கும் நேரமில்லை. சுற்றுச்சுவர் போகும், வர்ணம் போகும், சில நேரம் கழிப்பறைகளின் எண்ணிக்கையே குறையும். உண்மையில் பணம் கூடியது கட்டடத்தின் உருவத்தில். 100 சதுர மீட்டர் தரையைப் பத்துக்குப் பத்தாக வைத்தால் வெளிச்சுவர் 40 மீட்டர். இருபதுக்கு ஐந்தாக நீட்டினால் 50. தரை கூடவில்லை, சுவர் கால்பங்கு கூடிவிட்டது. இது முதல் கோடு போடும் நாளிலேயே முடிவாகிவிடும். எங்கள் மேசைக்கு அது வந்து சேர்வதோ கடைசி நாளில். போருக்குப் பின் ஏராளமான பள்ளிகளைக் கட்டவேண்டியிருந்த பிரிட்டனில் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டார்கள். தொகையை முதலில் நிறுத்தி, அதை அஸ்திவாரம், சுவர், கூரை, ஜன்னல் என்று உறுப்பு உறுப்பாகப் பங்கிட்டு, பிறகு வரையும் முறையை அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 1951-ல் ஒரு கையேடாகவே வெளியிட்டது. என் பணிக்காலத்தின் முதல் பாதியில் நான் அந்த முறையைக் கண்டதே இல்லை. இன்று பென்சில் கோட்டுநிலையிலேயே இரண்டு உருவங்களை வைத்து விலை பார்க்கிறார்கள். கழிப்பறையை வெட்டாமல் தாழ்வாரத்தைச் சுருக்க முடிகிறது. இதற்காகவே இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

விலையின் சங்கடங்கள் அன்றும் இருந்தன. 1982-ல் சிமெண்டுக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தபின், 1989-ல் முழுதாக நீங்கும்வரை, ஒரே மூட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை, வெளிச்சந்தை விலை என்று இரண்டு விலை. இன்று விலை ஒன்றுதான். ஆனால் பல அரசுப் பணிகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 18 ஆனதும், முடித்து வைத்த எஸ்டிமேட்டுகளை மறுபடி திறக்கவேண்டியிருந்தது. அன்று அது ஒரு மாத வேலை. இன்று ஒரு கட்டத்தில் ஓர் எண்.

லீடு ஸ்டேட்மெண்ட்டைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. மணலும் ஜல்லியும் எத்தனை கிலோமீட்டரிலிருந்து வருகின்றன என்ற பட்டியல் அது. குவாரியிலிருந்து வேலையிடம் வரை ஜீப்பில் போய் மீட்டர் பார்த்து எழுதுவோம். வழியிலுள்ள பழைய பாலத்தில் லோடு ஏறிய லாரி போகாது, ஆறு கிலோமீட்டர் சுற்றித்தான் வரவேண்டும் என்பது அப்படிப் போனால்தான் தெரியும். இன்று கைப்பேசி வரைபடம் தூரத்தைச் சொல்கிறது, குறுக்குவழியில்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பார்வைக்கு வந்த ஓர் எஸ்டிமேட் அச்சுப் பிசகு கூட இல்லாமல் இருந்தது. வேறு மாவட்டத்தின் செம்மண் பூமிக்குப் போட்டதை அப்படியே எடுத்து ஊர்ப்பெயரை மாற்றியிருந்தார்கள். இந்த ஊரோ கரிசல். மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண்ணில் ஒரு மீட்டர் ஆழ அஸ்திவாரம் நிற்காது. டெண்டர் விட்டிருந்தால் வானம் தோண்டிய அன்றே தொகை பொய்யாகியிருக்கும்.

அந்தக் கோப்பைத் திருத்தும் பொறுப்பு ஓர் இளம் பொறியாளரிடம் போனது. மறுநாள் மதியம் அவர் வேலையிடத்திலிருந்தே கூப்பிட்டார். "சார், வெடிப்புல கைய விட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் போகுது." மாலைக்குள் மூன்று வகை அஸ்திவாரத்துக்கும் தனித்தனித் தொகை போட்டு அனுப்பியிருந்தார். ஆழக் குழியிட்டு அடியில் குமிழ் விரித்துக் கட்டும் பைலுக்கு அதில் தொகை கூடுதலாக இருந்தது. கூடவே, அதை ஈடுகட்ட முகப்பின் நீட்டிப்பைக் குறைத்த ஒரு வரைபடமும். மண்ணில் இன்னும் ஒரு கடப்பாரை கூட இறங்கியிருக்கவில்லை.