தீவகத்துப் பிள்ளைகளும் திறந்த மூல மென்பொருளும்

சென்னைப் பட்டினத்து எழும்பூரில், 1789ஆம் ஆண்டளவில், படைவீரரின் ஆண்மக்களுக்கென ஓர் அநாதைப் பாடசாலை நடைபெற்று வந்தது. அதன் மேற்பார்வையாளராக இருந்தவர் அன்டுரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். ஒருநாள் அவர் குதிரைமீது செல்லும் வழியில், நம் நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பாடசாலையிலும் கைக்கொள்ள விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்களோ அதற்கு இசைந்தாரில்லை. பெல் சளைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தெரிந்தெடுத்து, அவனைக்கொண்டே ஏனைய சிறுவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் அது மேனாடெங்கும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளை நெடுங்காலமாகச் செய்துவந்த வேலைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. கப்பலேறிப் போய்த் திரும்பி வந்தபின்னரே நம் பொருளுக்கு நாம் மதிப்புக் கொடுப்பது பழைய வழக்கமன்றோ?

மூத்த மாணாக்கன் இளையவனைக் கைபிடித்து நடத்தும் அந்த முறை இன்று கணினி உலகில் வேறொரு கோலத்துடன் வாழ்கின்றது. அதனைத் தீவகத்துப் பிள்ளைகளுக்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

செய்முறையையும் சேர்த்துத் தருவது

'திறந்த மூல மென்பொருள்' என்றால் என்ன என்று கேட்கும் பெற்றாருக்கு ஒரு விளக்கம். கடையிலே பலகாரம் வாங்கினால் உண்ணலாம். அதைச் செய்யும் விதத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அயல்வீட்டு அம்மா பலகாரத்துடன் செய்முறையையும் சொல்லி, "உங்கள் வீட்டு உறைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், அடுத்த வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்றால் அதுவே திறந்த மூலம். அமெரிக்கரான ரிச்சட் ஸ்டோல்மன் 1983இல் இக்கொள்கையை ஓர் இயக்கமாகத் தொடக்கினார். 1991இல் பின்லாந்து மாணாக்கர் லினஸ் டோவால்ட்ஸ் 'லினக்ஸ்' என்னும் கருவை வெளியிட்டார். 'திறந்த மூலம்' என்ற பெயர் வழங்கத் தொடங்கியது 1998இல்.

கல்விக்கென ஆக்கப்பட்டவையும் இவற்றுள் பல உண்டு. சிறுவர் விளையாடிக்கொண்டே எண்ணும் எழுத்தும் பயிலும் 'ஜிகொம்பிரி' 2000ஆம் ஆண்டு பிரான்சிலே பிறந்தது. பிரெஞ்சு மொழியில் 'எனக்கு விளங்கிவிட்டது' என்று பொருள்படும் தொடரின் ஒலியே அதன் பெயராயிற்று. பிள்ளைகள் படம் வரைதற்குரிய 'டக்ஸ் பெயின்ற்' 2002இல் வந்தது. பல்கலைக்கழகங்கள் பாடங்களை வைத்து நடத்தும் 'மூடில்' என்பதும் இவ்வினத்ததே.

இத்தகைய மென்பொருள்களை ஆக்குவோருக்கும் மாணாக்கருக்கும் பாலமாக 2005இல் கூகுள் நிறுவனம் 'சமர் ஒவ் கோட்' என்னும் திட்டத்தைத் தொடக்கியது. ஒவ்வொரு மென்பொருட் குழுவும் தன்னிடம் செய்யவேண்டியுள்ள வேலைகளை ஒரு யோசனைப் பட்டியலாக வெளியிடும். மாணாக்கர் ஒன்றைத் தெரிந்து, அதை எவ்வாறு செய்து முடிப்பார் என எழுதி விண்ணப்பிப்பர். தெரிவானவருக்கு அக்குழுவின் அனுபவசாலி ஒருவர் வழிகாட்டியாக அமைவார். வேலை நிறைவேறினால் உதவிப்பணமும் உண்டு. இத்திட்டத்தின் முதற் பத்து ஆண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணாக்கரை அனுப்பிய பல்கலைக்கழகம் எது தெரியுமா? நம் நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2004 மார்கழியிற் கடல்கோள் வந்தபோது, நிவாரண வேலைகளை ஒழுங்குசெய்யக் கொழும்பிலே தொண்டர்கள் ஆக்கிய 'சஹானா' என்னும் மென்பொருளுக்கு 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கியது. ஆகவே, 'இதெல்லாம் வெள்ளைக்காரருக்குத்தான் ஆகும்' என்று எவரும் பெருமூச்சு விடவேண்டியதில்லை.

ஆயினும் ஒரு தடை உண்டு. அத்திட்டத்திற் சேரப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பதின்மூன்று முதல் பதினேழு வயதினருக்கென 2010 தொடக்கம் 2019 வரை நடந்த 'கோட் இன்' போட்டியும் நின்றுவிட்டது. எனவே, பாடசாலைப் பிள்ளைகளுக்கான ஏற்பாட்டை உள்ளூரிலேயே நாம் செய்துகொள்ளல் வேண்டும்.

கடல் நடுவே ஒரு வகுப்பறை

ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்துவிட்டன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்கு இன்றும் படகே வழி. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடற்பயணம். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. படகு இல்லையேல் கரையிலிருந்து வரும் ஆசிரியரும் இல்லை. வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளையின் படிப்பின்பொருட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் குடிபெயர்கின்றன. மாணாக்கர் தொகை குறையப் பாடசாலை தளரும். பாடசாலை தளர மேலும் ஒரு குடும்பம் படகேறும். தீவகத்துப் பெற்றார் நன்கறிந்த சுழற்சி இது. மென்பொருள் இதனை மாற்றிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், ஆசிரியர் வராத நாளும் ஒரு பள்ளிநாளாக இருத்தல் கூடும் என்பதே நம் கருத்து.

மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறுதற்கான ஒப்பந்தம் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச் மாதத்திற் கைச்சாத்தாயிற்று. மின்சாரத்தைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கேனும் நகர்ந்தது. இணையமோ கடற்காற்றைப் போன்றது, வரும், போகும். ஆதலின், தீவகத்துக்கு ஏற்ற முதல் வேலை இணையமின்றியே இயங்கும் நூலகம் ஒன்றை அமைத்தலாகும். 'கிவிக்ஸ்' என்னும் மென்பொருள் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளையும் ஒரே கோப்பாக அடக்கித் தரும். 'கொலிப்ரி' என்பது பாடங்களையும் பயிற்சிகளையும் அவ்வாறே சேமித்து வைக்கும். உள்ளங்கை அளவான சிறு கணினி ஒன்றில் இவற்றை நிரப்பி வகுப்பறையில் வைத்தால், பிள்ளைகளின் கைக்கணினிகள் கம்பியின்றி அதனோடு தொடர்புகொள்ளும். வெளியுலகத் தொடர்பு வேண்டியதேயில்லை. பல்கலைக்கழக மாணாக்கர் ஒருவரும் உயர்தர வகுப்பு மாணாக்கர் இருவரும் ஒரு விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை இது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிய பாடங்களை நிரப்பிய சேமிப்பட்டை ஒன்றைப் படகிலே கொண்டுசென்றாற் போதும்.

தமிழ் வாத்தியாரும் வழிகாட்டியே

இனி நாம் மிகவும் விரும்பும் விடயத்துக்கு வருவோம். கல்வி மென்பொருள்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திற் பிறந்தவை. அவற்றிலே திரையில் தோன்றும் சொற்றொடர்கள் யாவும் தனிக்கோப்பு ஒன்றில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஆங்கில வரிக்குங் கீழே வெற்றிடம் ஒன்று இருக்கும். அதனைத் தமிழால் நிரப்பினால் மென்பொருள் தமிழ் பேசும். நிரலாக்கம் ஒரு வரியேனும் தெரியாத பிள்ளையும் செய்யலாம்.

எளிதென்று எண்ணவேண்டாம். யாருடைய தமிழ் என்பதே முதற் கேள்வி. தமிழகத்தில் 'வேதியியல்' என்பதை நம் பிள்ளைகள் 'இரசாயனவியல்' என்று படிக்கின்றனர். 'இயற்பியல்' இங்கே 'பௌதிகவியல்'. அங்கே 'ஆக்சிஜன்', 'கார்பன்', 'ஹைட்ரஜன்'; இங்கே 'ஒட்சிசன்', 'காபன்', 'ஐதரசன்'. 1950களிலும் 1960களிலும் நம் அரசகரும மொழித் திணைக்களம் அறிஞர்களைக் கூட்டி வெளியிட்ட கலைச்சொற் றொகுதிகளின் வழிவந்த வழக்கு இது. இரண்டும் தமிழே, எது உயர்ந்தது என்று வாதாடுவோருக்கு வேறு வேலை இல்லை என்க. ஆனால், பாடநூலில் 'ஒட்சிசன்' என்று கற்ற பத்து வயதுப் பிள்ளை திரையில் 'ஆக்சிஜன்' என்பதைக் கண்டால், அது வேறொரு வாயு என்றே எண்ணும். இலங்கைத் தமிழுக்கெனத் தனிக் குறியீடு கணினி வழக்கில் உண்டு. தரம் ஆறு முதல் பதினொன்று வரையிலான பாடநூல்களின் கலைச்சொற்களைத் தொகுத்து, அக்குறியீட்டின் கீழ் ஒரு சொற்கோப்பை ஆக்குவது மிகச் சிறந்த மாணாக்கர் திட்டமாகும். விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் அருகிருந்து பார்த்தாற் போதும்.

மற்றொரு சிக்கல் இலக்கணத்தைச் சார்ந்தது. ஆங்கில வரியிலே பெயர் வரவேண்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறியும் ஓர் எண்ணும் இருக்கும். பின்னர் கணினி அவ்விடத்திற் பெயரைப் புகுத்தும். மொழிபெயர்ப்பவர் அதற்குப்பின் 'க்கு' என்னும் உருபை ஒட்டிவைத்தால் திரையில் 'கண்ணன்க்கு' என்று வரும். 'கண்ணனுக்கு' என உகரச் சாரியை இடையில் வரவேண்டும் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? 'மாலாக்கு', 'மரம்ஐ' என்னும் விநோதங்களும் இப்படிப் பிறந்தனவே. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 'பெறுபவர்: கண்ணன்' என உருபே தேவைப்படாதவாறு வாக்கியத்தை மாற்றியமைப்பது ஒன்று. பெயரின் ஈற்றெழுத்தைப் பார்த்துச் சாரியையும் உடம்படுமெய்யும் சேர்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதுவது மற்றொன்று. பின்னதைச் செய்யப் புகும் மாணாக்கன், நன்னூற் புணரியலைத் தேர்வுக்காக மனனஞ் செய்தவனாயினும், அன்றுதான் அதன் பயனை உணர்வான். அவனுக்கு வழிகாட்டி கொழும்பிலுள்ள பொறியியலாளர் மாத்திரமல்லர். அவ்வூர்த் தமிழ் வாத்தியாரும் ஆவார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவாகக் காரணராயிருந்த தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொன் ஊர்காவற்றுறைப் பகுதியிலேதான் உள்ளது. இப்பணிக்குத் தீவகம் அந்நியமான நிலமன்று.

பெருக்கமரமும் சிறகுவலையும்

சிறு பிள்ளைகளுக்கும் ஒரு வேலை வைத்திருக்கின்றோம். முன்னர்க் கூறிய 'டக்ஸ் பெயின்ற்' மென்பொருளில் 'முத்திரை' என்றொரு வசதி உண்டு. ஒரு படத்தைத் தெரிந்து தாளில் அழுத்தினால் அது பதியும், அதன் பெயர் எழுத்தில் தோன்றும், ஒலியும் கேட்கும். ஒரு முத்திரைக்கு வேண்டியவை மூன்றே: ஒரு படம், பெயர் எழுதிய ஒரு சிறு கோப்பு, ஓர் ஒலிப்பதிவு. மூன்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டி உரிய இடத்தில் வைத்தால் முடிந்தது.

மேனாட்டுப் பிள்ளைக்குப் பனிக்கரடி முத்திரை இருக்கும்போது நெடுந்தீவுப் பிள்ளைக்கு அத்தீவின் குதிரை ஏன் இருக்கக்கூடாது? பெருக்கமரம், பவளக்கல் வேலி, சிறகுவலை, வள்ளம், திருக்கை, கணவாய், பனங்கிழங்கு, ஒடியல், நீற்றுப்பெட்டி என எத்தனையோ உள. படத்தைத் தரம் ஐந்துப் பிள்ளை கைத்தொலைபேசியால் எடுக்கட்டும். பின்னணியை நீக்கித் துப்புரவாக்கும் வேலையைத் தரம் பத்து மாணாக்கி செய்யட்டும். ஒலியை வீட்டிலுள்ள அம்மம்மாவே சொல்லட்டும். கடற்றொழிற் சொற்கள் பலவற்றின் சரியான உச்சரிப்பு அவரிடமே உண்டு. பத்து முத்திரையுடன் தொடங்கினாற் போதும். நூறு செய்வோம் என்று புறப்பட்டவர்கள் ஏழோடு நிற்பதே வழக்கம்.

பல்கலைக்கழக மாணாக்கரை நோக்கியும் ஒரு சொல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கணினி பயில்வோர் தம் இறுதியாண்டுத் திட்டத்துக்கென ஒவ்வோராண்டும் புதிது புதிதாக ஏதேனும் ஆக்குகின்றனர். பரீட்சை முடிந்ததும் அது உறங்கிவிடுகின்றது. புதிய மென்பொருளை ஆக்குவதிலும், உலகம் பயன்படுத்தும் பழைய மென்பொருளொன்றில் ஒரு குறையைத் திருத்துவது மேல் என்பது நம் துணிபு. அத்திருத்தத்தை அக்குழுவின் மூத்தோர் மூன்று முறை, நான்கு முறை திருப்பி அனுப்புவர். அதிலேதான் படிப்பு இருக்கின்றது.

வழிகாட்டிகள் எங்கே என்று கேட்பீர்கள். தீவகத்தார் வாழாத நாடு எது? பாரிசிலும் இலண்டனிலும் டொராண்டோவிலும் கணினித் தொழில் புரியும் புங்குடுதீவாரும் நெடுந்தீவாரும் பலர். அன்னார் ஊருக்குப் பழைய கணினிகளை அனுப்பிவைப்பதோடு நின்றுவிடுகின்றனர். அவை பாடசாலை மூலையில் உறைபோட்டு வைக்கப்படுகின்றன. கணினிக்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு மணிநேரத்தை அனுப்பினால் என்ன? கோடையிலே பாரிசில் ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணியாகும்போது நெடுந்தீவில் இரவு ஏழு மணி. இரு பக்கமும் வசதியான நேரமே. டொராண்டோவார் சிறிது முயலவேண்டும்; அங்கே இரவு எட்டு மணியானால் இங்கே மறுநாட் காலை ஐந்தரை.

ஒழுங்குமுறை இதுவாக இருக்கலாம். பங்குனி மாதத்திலே ஆசிரியர்களும் வழிகாட்டிகளும் கூடி யோசனைப் பட்டியலை எழுதுக. பத்துக்கு மேற்படாமல் எழுதுக. ஒவ்வொரு யோசனைக்கும் வழிகாட்டி ஒருவர் பெயரும், வேலை முடிந்ததை எவ்வாறு அறிவது என்பதும் கட்டாயம் குறிக்கப்படல் வேண்டும். சித்திரை விடுமுறையில் பிள்ளைகள் தெரிந்துகொள்வர். ஆவணி விடுமுறையில் வேலை நடக்கும். இருவர் இருவராகவே சேர்க்கவேண்டும். ஒருவர் உயர்தர வகுப்பு, மற்றவர் அதற்குக் கீழே. மறு ஆண்டு கீழிருந்தவர் மேலே வருவார்; அவருக்கொரு புதிய துணை சேரும். படகு ஓடாத வாரத்தில் தொலைபேசியிலே பேசிக்கொள்க. தொலைபேசியும் வேலைசெய்யாவிடின், செய்தவற்றைச் சேமிப்பட்டையில் ஏற்றி அடுத்த படகிற் குறிகட்டுவானுக்குக் கொடுத்து அனுப்புக.