காணாத மானுக்கும் கணக்கு

காலையில் காட்டுக்குள் நடந்து நாற்பது புள்ளிமான்களைப் பார்த்துவிட்டு வந்தால், அங்கே எத்தனை மான்கள் வாழ்கின்றன என்று சொல்லிவிட முடியுமா? புதருக்குப் பின்னால் அசையாமல் நின்றவை கணக்கில் வரவில்லையே!

பெங்களூரின் வனவிலங்கு ஆய்வு மையத்தைத் தொடங்கிய உல்லாஸ் காரந்த், 1980களில் கர்நாடகத்தின் நாகரஹொளெக் காட்டில் இந்தக் கேள்வியோடுதான் இறங்கினார். காட்டின் குறுக்கே நேர்கோடாகத் தடம் வெட்டப்படும். விடியலில் ஓசையின்றி அதில் நடப்பார்கள். மான் கூட்டம் தென்பட்டால் தலைகளை எண்ணுவார்கள். அது நிற்கும் தொலைவையும், தடத்திலிருந்து விலகியிருக்கும் கோணத்தையும் குறித்துக்கொள்வார்கள். 60 மீட்டர் தொலைவில் 30 பாகைக் கோணத்தில் நின்றால், தடத்திலிருந்து அதன் செங்குத்துத் தொலைவு 30 மீட்டர். தடத்தின் மேலேயே நிற்கும் மான் கண்ணுக்குத் தப்பாது. தள்ளிப் போகப்போகத் தப்புவது கூடும். எவ்வளவு தொலைவில் எத்தனை தென்பட்டன என்று வரிசைப்படுத்தினால், தப்பியவற்றின் அளவும் பிடிபட்டுவிடும். இந்த எளிய யோசனை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

சக ஆய்வாளர் மெல் சன்குவிஸ்டுடன் சேர்ந்து காரந்த் 1992இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அங்கே சதுர கிலோமீட்டருக்குப் புள்ளிமான் சுமார் 50, கடமான் ஐந்தாறு. இரண்டின் விருப்பமும் வேறு. புள்ளிமானுக்குக் குட்டைப்புல்லும் திறந்த காட்டோரமும் வேண்டும். கடமான் தழையும் தின்னும். அடர்ந்த மறைவிலும் மலைச்சரிவிலும் தங்கி, பெரும்பாலும் இரவில் மேயும்.

பார்க்கவே கிடைக்காத விலங்குக்குப் புழுக்கைதான் சாட்சி. குறித்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுச் சில வாரம் கழித்து வந்து எண்ணினால், எந்த வகைக் காட்டை அது அதிகம் நாடுகிறது என்று தெரியும். மழைக்காலத்தில் வண்டுகளும் ஈரமும் புழுக்கையை விரைவில் அழித்துவிடும் என்பதால் கோடையில் எண்ணுவதே நல்லது.

கோடையில் மான்கள் இருக்கும் இடமும் மாறும். நாகரஹொளெயை ஒட்டிய கபினி அணையில் நீர் வற்றும்போது கரையில் பசும்புல் முளைக்கும். காட்டுக்குள் குட்டைகள் காயக்காயக் கூட்டங்கள் அங்கே இறங்கிவரும். பக்கத்துப் பந்திப்பூரில் 1976 முதல் 1978 வரை செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங், அவற்றின் முக்கிய இரை புள்ளிமானே என்று கண்டார். புல்லும் நீரும் மட்டுமல்ல, துரத்தும் பற்களும் மானின் வழியை முடிவுசெய்கின்றன.

அந்தப் பந்திப்பூரை ஊடறுத்து ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகும் சாலைகளில் 2009இலிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அதைத் தளர்த்தக் கேட்பவர்கள், இரவில் மேயும் கடமானின் நேரத்தையும் ஒருமுறை கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.