அந்த ஆறு மான்களும் எங்கே?

மழலையின் இனிமையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்துப் பேசினார் வள்ளுவர். அது வாய் திருந்தாத குழந்தையின் சொல். வாய் திருந்தி, எழுத்துக் கூட்டத் தொடங்கி, ‘ஏன்’, ‘எப்படி’ என்று பெரியவர்களைச் சுற்றிவரும் பிள்ளைகளின் பேச்சோ வேறொரு வகையினது. அதில் இனிமையோடு தருக்கமும் கலந்திருக்கும். கேட்டவுடன் நாம் சிரித்துவிடுகிறோம். சிரித்த பின்னர் சற்றுச் சிந்திக்கவும் செய்கிறோமா?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் அமெரிக்கா முதலிய நாடுகளிற் பல உண்டு. நமக்கு அந்த வாழ்க்கையைக் காட்டியது கொரோனா நோய். 2020ஆம் ஆண்டு மார்ச் நடுப்பகுதியில் இலங்கைப் பள்ளிக்கூடங்கள் யாவும் மூடப்பட்டன. உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர் அவ்வாண்டில் வகுப்பறையை இழந்தனர். கரவெட்டியில் எமது வளவில் அண்ணன், தம்பி, தங்கை குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பவை. பதினொரு பிள்ளைகள், மூத்தவளுக்கு வயது 14, கடைக்குட்டிக்குப் பல் முளைக்கவில்லை. ஊரடங்கு வந்ததும் விறாந்தை வகுப்பறையாயிற்று. ஆச்சியின் தாம்பாளம் மணியாயிற்று. ஓய்வுபெற்ற தமிழாசிரியராகிய தாத்தா இலக்கணத்தையும், தங்கை கணக்கையும், நாம் ஏனைய பாடங்களையும் பொறுப்பேற்றோம்.

முதல் வாரத்திலேயே ஆசிரியர்கள் பாடம் படிக்கத் தொடங்கினோம்.

கணக்கு வகுப்பில் ஒரு கேள்வி: “உன்னிடம் பத்துப் புழுக்கொடியல் இருக்கிறது. தம்பிக்கு நாலு கொடுத்தால் மிச்சம் எத்தனை?”

“பத்து” என்றாள் ஆறு வயதுச் சிறுமி.

“எப்படிப் பிள்ளை பத்து?”

“அவனுக்குப் பல் இல்லை, மாமி. சூப்பிப்போட்டுத் திருப்பித் தந்துவிடுவான்.”

பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலின் வன்மை அறிந்தவர் எவரும் இவ்விடையைத் தவறென்று தள்ளமாட்டார். கணக்கு ஆசிரியைக்குக் கழித்தல் மட்டும் தெரிந்திருந்தது. சிறுமிக்குத் தம்பியையும் தெரிந்திருந்தது.

உயர்திணை, அஃறிணை படிப்பித்தபோது பசுவை அஃறிணை என்றார் தாத்தா. “மெதுவாகச் சொல்லுங்கோ தாத்தா, லட்சுமிக்குக் கேட்டால் நாளைக்குப் பால் தரமாட்டாள்” என்று மாட்டுக்கொட்டில் பக்கம் பார்த்தாள் ஒருத்தி. கைப்பேசியில் சூம் வகுப்புக்குப் பழகிய ஐந்து வயதுக்காரனோ, ஆச்சி கிணற்றடியில் நின்று எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்த ஒரு காலையில், “ஆச்சி, உங்கடை மைக் திறந்திருக்குது” என்று பணிவோடு அறிவித்தான். ஆச்சிக்கு அதன் பொருள் விளங்க ஒரு நாள் பிடித்தது.

எல்லாவற்றிலும் சிறந்தது இலக்கண வகுப்பில் நிகழ்ந்தது. விடியற்காலையில் என்ன செய்தீர்கள் என்பதை நல்ல தமிழில் ஒரு வசனமாகச் சொல்லும்படி கேட்டார் தாத்தா. எட்டு வயதுப் பையன் எழுந்து, “நான் ஐந்து மணிக்கு எழுதேன்” என்றான்.

“எழுந்தேன் என்று சொல்ல வேண்டும்.”

“அழு என்றால் அழுதேன், தொழு என்றால் தொழுதேன், உழு என்றால் உழுதேன். எழு என்றால் மட்டும் ஏன் எழுதேன் இல்லை?”

தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எழுதேன் என்றும் ஒரு சொல் உண்டு, மகனே. எழுதமாட்டேன் என்பது அதன் பொருள்.”

பையனின் முகம் மலர்ந்தது. “அதுவும் சரிதான், தாத்தா. நேற்றுத் தந்த வீட்டுப்பாடம் நான் எழுதவில்லை.”

இதனைப் பிழை என்பதா, அறிவு என்பதா? ‘எழுதேன்’ என்று அவனுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்ட சொற்களிலிருந்து தானே ஒரு விதியைக் கண்டு, அதனைப் புதிய இடத்திற் பொருத்திப் பார்த்தான். மொழிதான் விதியை மீறியது, பிள்ளை மீறவில்லை. 1958இல் ஜீன் பெர்க்கோ என்னும் அமெரிக்க ஆய்வாளர், உலகில் இல்லாத ஒரு பிராணியின் படத்தை வரைந்து, அதற்குப் பொருளற்ற ஒரு பெயருஞ் சூட்டிச் சிறுவர்களிடம் காட்டினார். அத்தகைய பிராணி இரண்டு நின்றால் எவ்வாறு சொல்வது என்று கேட்டார். முன்பின் கேட்டறியாத அச்சொல்லுக்கும் பெரும்பாலான பிள்ளைகள் சரியான பன்மை விகுதியைச் சேர்த்தனர். பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளிகள் அல்லர் என்பது இதனால் விளங்கும். ருஷ்ய எழுத்தாளர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி இத்தகைய குழந்தைச் சொற்களைப் பல்லாண்டுகள் திரட்டி, 1928இல் முதன்முதலாக நூலாக்கினார். ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்னும் பெயரில் அது பின்னர்ப் பல பதிப்புகளைக் கண்டது. தம் பிள்ளைகளின் வாய்மொழிகளை எழுதியனுப்பிய பெற்றோர் பலர் அந்நூலுக்குத் துணைநின்றனர்.

இவ்வளவும் அறிந்திருந்த நாமே ஒரு நாள் தவறினோம்.

அன்று வடமராட்சியின் இடங்களைப் பற்றிய பாடம். பலகையில் நெல்லியடி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு என்று எழுதினோம். ஏழு வயதுப் பையன் ஒருவன் நெடுநேரம் பலகையை உற்றுநோக்கியிருந்து கையை உயர்த்தினான்.

“பெரியப்பா, அந்த ஆறு மான்களும் இப்ப எங்கே?”

“எந்த மான்கள்?”

“தொண்டை, மான், ஆறு. தொண்டை நோவு வந்த ஆறு மான்கள்தானே?”

விறாந்தை அதிரச் சிரித்தோம். பிள்ளைகள் உருண்டு புரண்டனர். அன்றிரவே அக்கதை ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினர்க்குத் தொலைபேசியில் எட்டியது. மறுநாள் வேலிக்கு அப்பாலிருந்தும் ஒருவர், “எங்கே எங்கட ஆறுமான்?” என்று கூப்பிட்டார். அதுவே அவனுக்குப் பெயராயிற்று.

பையன் அழவில்லை, கோபிக்கவுமில்லை. பாயின் ஓரத்திற் போய் இருந்துகொண்டான். கேட்டால் ‘ஓம்’, ‘இல்லை’ என்றான். வகுப்பு அமைதியாக நடக்கிறதென்று நாம் மகிழ்ந்திருந்தோம். ஆச்சிதான் கண்டுபிடித்தார். “பெடியன் ஒரு கேள்வி கேட்டு நாலு நாளாச்சு. உங்களுக்குக் காது கேக்கேல்லையோ?” என்றார்.

ஆசிரியத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்த எமக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. கல்லூரி வகுப்புகளிற் கேள்வி கேளாது தலைகுனிந்திருக்கும் மாணவரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களும் ஏதோ ஒரு விறாந்தையில், ஏதோ ஒரு சிரிப்பில், கையைக் கீழே இறக்கியவர்களாக இருக்கலாமன்றோ?

அடுத்த நாள் பலகையில் அச்சொல்லை மூன்றாகப் பிரித்து எழுதினோம். “நாலு நாளுக்கு முன் இவன் செய்ததற்குப் பதம் பிரித்தல் என்று பெயர். ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் காண்பது சிலேடை. காளமேகப் புலவர் பெரும்புகழ் பெற்றது அதனால்தான். எங்களுக்கு அது விளங்காததால் சிரித்துவிட்டோம். அது எங்கள் பிழை” என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னோம். பின்னர் அவன் கேள்விக்கு விடை கூறினோம். தொண்டைமான் என்பது ஒரு தலைவனின் பெயர். கருணாகரத் தொண்டைமான் என்பவன் அந்நீர்வழியை வெட்டுவித்தான் என்பது மரபுக்கதை. பெயரில் ஆறு இருப்பினும் அது கடலோடு தொடுத்த நீரேரி. உப்புநீர் உட்புகாது தடுக்க அதன் வாயிலில் கதவுகள் கொண்ட அணை உண்டு. செல்வச்சந்நிதி முருகன் கோயில் கொண்டிருப்பதும் அதன் கரையிலேதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒன்றேனும் இல்லை. ஆகவே, அங்கே மானும் இல்லை, ஆறும் இல்லை. பையனின் ஐயம் பாதிக்குமேல் நியாயமானதே.

அன்றுமுதல் வீட்டில் மூன்று வழக்கங்கள் ஏற்பட்டன. முதலில் விடை, பின்னர் சிரிப்பு. பிள்ளை சொன்னதை அவன் முன்னிலையில் விருந்தினருக்குச் சொல்வதாயின் அவனிடம் அனுமதி கேட்டே சொல்வது. மூன்றாவதாக, அத்தகைய மொழிகளைத் திகதியும் வயதும் குறித்து ஒரு கொப்பியில் எழுதிவைப்பது. பள்ளிக்கூடங்கள் திறந்த பின்னரும் இவ்வழக்கங்கள் நின்றுவிடவில்லை. நிழற்படம் பிள்ளையின் முகத்தைக் காட்டும்; அந்தக் கொப்பி அவன் சிந்தித்த விதத்தைக் காட்டும்.

அந்தப் பையன் உடனே பேசிவிடவில்லை. மேலும் இரண்டு நாட்கள் சென்றன. மூன்றாம் நாள் மாலை, ஆச்சி வெற்றிலைத் தட்டத்தோடு இருந்தபோது, மெல்ல வந்து எம் அருகே நின்றான்.

“சிரிக்கமாட்டீங்கள்தானே, பெரியப்பா?”

“சிரிக்கமாட்டோம்.”

“மண்ணை வெட்டுறது மண்வெட்டி. பாக்கை வெட்டுறது பாக்குவெட்டி. அப்படியெண்டால், கரவெட்டி எதை வெட்டும்?”

ஆச்சியின் கையிலிருந்த பாக்குவெட்டி அப்படியே நின்றது. தாத்தா எம்மைப் பார்த்தார். நாம் தாத்தாவைப் பார்த்தோம். உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாரும் மௌனம் காத்தோம். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்த பையனுக்கு அடக்கமுடியவில்லை. முதலிற் சிரித்தவன் அவனே. அதன் பின்னரே நாம் சிரித்தோம்.