கமக்காரர் வீட்டுச் சலவைக்குப் பூவந்திக் காய்

நாள் முழுவதும் செம்மண் தோட்டத்தில் நின்று வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சிய கமக்காரனின் சாரமும், வயலில் நாற்று நட்டுக் கரையேறிய பெண்ணின் சேலையும் மாலையில் கிணற்றடிக்கு வந்து சேர்கின்றன. வேறு தொழில் புரிவோர் வீட்டிலும் பார்க்கக் கமக்காரர் வீட்டில் தோய்க்க வேண்டிய உடுப்பு அதிகம். அதில் ஏறும் அழுக்கும் அதிகம். எனவே சவர்க்காரச் செலவு அவர்களுக்குச் சிறு செலவன்று. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டுப் பொருட்களின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, சவர்க்காரமும் சலவைத் தூளும் பல குடும்பங்களுக்கு எட்டாப் பொருட்களாயின. நமது நாட்டின் வரண்ட வலயத்தில் இயற்கையாக வளரும் ஒரு மரத்தின் காயைக் கொண்டு இச்செலவிற் பெரும் பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். அம்மரமே பூவந்தி. பூந்திக்கொட்டை எனவும் இதனை வழங்குவர். சிங்கள மக்கள் இதனைப் பெனெல என்பர்.

வன்னீரும் சவர்க்காரமும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மீது அமைந்தது. மழைநீர் அப்பாறையினூடாக ஊறிக் கிணற்றை அடையும்போது சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு வருகின்றது. இத்தகைய நீரே வன்னீர் எனப்படும். வரண்ட வலயத்தின் வேறு பல பகுதிகளிலும் கிணற்று நீர் இவ்வியல்புடையதே.

வன்னீரிற் சவர்க்காரத்தைத் தேய்த்தால் அது உடனே நுரைப்பதில்லை. முதலிற் கரையும் சவர்க்காரம் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து தயிர்போற் திரைந்து படிவாகின்றது. அப்படிவு அழுக்கை நீக்காது. மாறாக உடுப்பிற் படிந்து வெள்ளைத் துணியை மங்கச் செய்யும். சுண்ணாம்புச் சத்து முழுவதும் இவ்வாறு பிடிக்கப்பட்ட பின்னரே எஞ்சிய சவர்க்காரம் அழுக்கின்மீது வேலை செய்யத் தொடங்கும். ஆகவே கடையில் வாங்கிய சவர்க்காரத்தின் ஒரு பகுதி துணியைத் தொடுமுன்னரே வீணாகின்றது.

பூவந்திக் காயின் தோலில் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. உலர்ந்த தோலின் நிறையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இப்பொருளாகும். இதன் ஒரு பகுதி எண்ணெய்ப் பசையைப் பற்றும். மறு பகுதி நீரைப் பற்றும். இவ்வாறு அழுக்கைத் துணியினின்று பிரித்து நீரோடு செல்லவிடுகின்றது. இது சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து சவர்க்காரம்போற் திரைவதில்லை என்பதே வன்னீர்ப் பகுதியினர் கவனிக்கத்தக்க சிறப்பாகும்.

ஐயமுள்ளோர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மூன்று கண்ணாடிப் போத்தல்களை எடுத்து, ஒன்றில் மழைநீரும் மற்றை இரண்டிற் கிணற்று நீரும் அரைவாசிக்கு நிரப்புக. மழைநீரிலும் ஒரு கிணற்று நீரிலும் சம அளவான சவர்க்காரச் சீவலை இடுக. மூன்றாம் போத்தலிற் சிறிது பூவந்தி நீரை விடுக. மூன்றையும் நன்கு குலுக்கி வைத்தால், மழைநீரிற் சவர்க்காரம் நுரைப்பதையும், வன்னீரில் அது வெண்ணிறத் திரையாவதையும், அதே வன்னீரிற் பூவந்தி நுரைப்பதையும் கண்ணாற் காணலாம்.

காய் சேகரித்தல்

பூவந்திக் காய் பெரும்பாலும் மூன்று பிளவுகள் ஒன்றாய் ஒட்டியதுபோலத் தோன்றும். முற்றியதும் மஞ்சட் கபில நிறமடைந்து தானாக உதிரும். அவ்வாறு உதிர்ந்த காய்களே ஏற்றவை. பச்சைக் காய்களை அடித்து விழுத்துதல் கூடாது. வளவுகளிலும் வேலியோரங்களிலும் நிற்கும் மரங்களின் கீழ்ப் பொறுக்கலாம். அரச ஒதுக்குக் காடுகளுள் அனுமதியின்றிச் சேகரித்தல் கூடாது. மரம் அருகில் இல்லாதோர் நாட்டு மருந்துக் கடைகளில் விசாரிக்கலாம்.

காய்களைக் கழுவிப் பாயிற் பரப்பி, தோல் சுருங்கி ஒடியும் பதம் வரும்வரை வெயிலிற் காயவைக்க வேண்டும். பின்னர் உடைத்து உள்ளிருக்கும் கரிய விதையை நீக்குக. நுரைக்கும் பொருள் தோலிலேயே உள்ளது. விதை சலவைக்கு உதவாது. உலர்ந்த தோலை இறுக மூடிய தகரப் பேணியில் ஈரம் படாது வைத்தால் அடுத்த பருவம்வரை கெடாதிருக்கும்.

பூவந்தி நீர் தயாரிக்கும் முறை

1. உலர்ந்த தோல் 100 கிராமை ஒன்றரை லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். மழைநீர் கிடைப்பின் நன்று. கிணற்று நீரும் ஆகும்.

2. மறுநாட் காலையில் அதே நீருடன் மெல்லிய நெருப்பில் 20 தொடக்கம் 30 நிமிடம் கொதிக்கவிடுக. நுரை பொங்கி வழியுமாதலாற் பாத்திரம் அரைவாசிக்கு மேல் நிரம்பியிருத்தல் ஆகாது.

3. ஆறிய பின் தோலைக் கையாற் பிசைந்து, மெல்லிய துணியால் வடிகட்டுக. ஏறக்குறைய ஒரு லீற்றர் கபில நிற நீர் கிடைக்கும்.

4. எஞ்சிய சக்கையை அரை லீற்றர் நீரில் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைக்கலாம். இரண்டாம் நீர் வலிமை குறைந்தது. பாத்திரம் துலக்கவும் நிலம் கழுவவும் போதும்.

இந்நீர் இரண்டு மூன்று நாட்களிற் புளித்துப் போகும். குளிர்ப்பெட்டி உள்ள வீடுகளில் ஒரு வாரம் வைக்கலாம். எனவே தோய்ச்சலுக்கு வேண்டிய அளவையே அவ்வப்போது தயாரித்தல் நலம். கொதிக்கவைக்க நேரமில்லாதோர், உலர்ந்த தோலை உரலில் இடித்துத் தூளாக்கி, இரண்டு மேசைக்கரண்டித் தூளைத் துணியில் முடிந்து, இளஞ்சூடான ஐந்து லீற்றர் நீரில் அலம்பி நுரை எழுப்பிக்கொள்ளலாம். இடிக்கும்போது எழும் தூசு தும்மலையும் கண்ணெரிவையும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

தோய்க்கும் முறை

செம்மண்ணும் வயற்சேறும் படிந்த உடுப்புக்களை முதலில் வெறும் நீரில் அலசி மண்ணைப் போக்குக. மண் இருக்கும்போது நுரையிடுதல் வீண். பின்னர் ஐந்து லீற்றர் நீருக்குக் கால் லீற்றர் பூவந்தி நீர் வீதம் கலந்து, உடுப்பை அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கி, நல்ல நீரில் இருமுறை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். கடைச் சலவைத் தூளைப்போலப் பெருநுரை எழாவிடின் கவலையுற வேண்டியதில்லை. நுரையின் அளவு அழுக்கு நீங்குவதன் அளவாகாது.

பட்டு, கம்பளி ஆகியவற்றுக்கும் சாயம் போகக்கூடிய சேலைகளுக்கும் பூவந்தி நீர் மிக ஏற்றது. அது சவர்க்காரம்போற் காரத் தன்மை உடையதன்று. எனினும் அதன் குறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். வாழைக்கயரையும் இயந்திர எண்ணெய்க் கறையையும் அது போக்காது. தூய வெள்ளைத் துணிகளில் நாளடைவில் இலேசான மஞ்சள் நிறம் ஏறவும் கூடும். எண்ணெய்ப் பசை மிக்க பருத்தித் துணிக்கு, ஐந்து லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முதலிற் கரைத்து, அதன்பின் பூவந்தி நீரைச் சேர்த்தால் பயன் கூடும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது.

நஞ்சு தெளித்த உடுப்பு

இவ்விடயத்திற் கமக்காரர் மிகுந்த எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். பீடைகொல்லி அல்லது களைகொல்லி தெளித்தபோது அணிந்த உடுப்புக்குப் பூவந்தி நீர் போதாது. அவ்வுடுப்பை வீட்டார் உடுப்புடன் ஒரே வாளியில் இடுதல் பெருந்தவறு. தந்தையின் சாரத்தில் உள்ள நஞ்சு குழந்தையின் சட்டைக்கு மாறக்கூடும். அதைத் தோய்ப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாதலால், மருந்தைக் கையாலும் தொட்டிராத ஒருவரை அந்நஞ்சு சென்றடைகின்றது.

தெளித்த உடுப்பை அன்றைய தினமே, இறப்பர்க் கையுறை அணிந்து, வேறு வாளியில், சூடான நீரும் வலிய சலவைத் தூளும் கொண்டு இருமுறை தோய்க்க வேண்டும். அந்நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. நீர் கலக்காத மூல மருந்து ஊறிய உடுப்பை எவ்வளவு தோய்த்தாலும் நம்பி அணிய முடியாது, அதனைக் கழித்துவிடுக. பூவந்தியால் மீதப்படும் காசில் ஒரு பொதி நல்ல சலவைத் தூளை இத்தேவைக்கென்றே தனியாக வைத்தல் புத்தியாகும்.

கழிவு நீர்

பூவந்தி நீர் மீன்களுக்கு நஞ்சாகும். ஆகையாற் குளத்திலும் மீன் வாழும் வாய்க்காலிலும் இதனைக் கொண்டு தோய்த்தலும் கழிவு நீரை விடுதலும் கூடாது. கிணற்றினின்று விலகிய இடத்தில் வாழை, தென்னை ஆகியவற்றின் அடியில் ஊற்றலாம். கீரை முதலிய பச்சையாய் உண்ணும் பயிர்களுக்கு எச்சலவை நீரும் ஆகாது. சலவைச் சோடா கலந்த நீரை ஒரே இடத்தில் தொடர்ந்து ஊற்றினால் மண் இறுகிக் கெடும். காயும் அதன் நீரும் உண்ணத்தக்கவை அல்ல; குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பதோடு கண்ணிற் படாமலும் காத்தல் வேண்டும்.

மரம் நடுதல்

பூவந்தி விதையின் ஓடு மிகக் கடினமானது. அதனை அரத்தால் ஒரு பக்கம் சிறிது உராய்ந்து, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து நட்டால் முளைப்பது எளிது. மாரி தொடங்கும் காலத்திற் கன்றை வளவின் எல்லையில் வைக்கலாம். வேரூன்றிய மரம் வரட்சியைத் தாங்கும். காய்ப்பதற்கு எட்டுப் பத்து ஆண்டுகள் செல்லக்கூடும். ஆயினும் காய்க்கத் தொடங்கிய மரம் ஆண்டுதோறும் ஒரு வீட்டுத் தேவைக்கு மேலாகவே தரும். ஓர் ஊரில் நாலைந்து வீட்டார் ஆளுக்கொரு மரம் வளர்ப்பின், விலையேற்றம் மீண்டும் வந்தாலும் அவ்வூரார் உடுப்புத் தோய்ப்பதற்குக் கடையை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.