ஓடாத காருக்கு எதற்கு ஆயில் சேஞ்ச்?

பெட்ரோல் எரிந்தால் புகை வரும். கூடவே தண்ணீரும் வரும், தெரியுமா? அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் நுனியில் சொட்டுகிறதே, அது இந்தத் தண்ணீர்தான்.

மிச்சம்? பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் நழுவி இறங்கி, எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. கொஞ்சம் எரியாத பெட்ரோலும் கரியும் அதே வழியில் இறங்கும்.

அந்த ஆயில் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது? எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிஸ்டனும் ஒரே நொடியில் 50 முறை ஏறி இறங்குகிறது. உலோகமும் உலோகமும் நேராக உரசினால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். 'எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு' என்று மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார். அப்படி ஆகாமல் காப்பது சில மைக்ரான் கனமே உள்ள ஆயில் படலம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன் இருக்கும்!

உராய்வைக் குறைப்பதோடு பிஸ்டனின் சூட்டைத் தணிப்பதும், கரியைக் கட்டியாகச் சேர விடாமல் தன்னுள் மிதக்க வைப்பதும் ஆயிலின் வேலை. அதனால்தான் அது கறுக்கிறது. 'கறுத்துப்போச்சு, உடனே மாத்து' என்று சிலர் அவசரப்படுவார்கள். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆயில் கெடுவது வேறு விதத்தில். வடை சுட்ட எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சினால் கெட்டியாகிறதல்லவா? சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. எஞ்சினுக்குள்ளும் அதேதான். அமிலத்தை முறிக்கவும் தேய்மானத்தைத் தடுக்கவும் ஆயிலில் சேர்த்த வேதிப்பொருள்களும் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகும். ஃபில்டர் தூசையும் உலோகத் துகளையும் பிடிக்கும். கலந்துபோன அமிலத்தை அதனால் பிடிக்க முடியாது.

சரி, எப்போது மாற்றுவது? காரோடு தரும் கையேட்டைப் பாருங்கள். நம் ஊரில் ஓடும் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது என்று போட்டிருக்கும். 'அல்லது ஓர் ஆண்டு' என்பதுதான் பலருக்குப் புரிவதில்லை. வண்டிதான் ஓடவே இல்லையே!

இங்கேதான் அந்தத் தண்ணீர் வேலையைக் காட்டுகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் காரில் ஆயில் நன்றாகச் சூடாகும். தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள காய்கறிக் கடைக்குப் போய்வரும் தாத்தாவோ, காரின் ஆயில் சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறார். தண்ணீர் உள்ளேயே தங்கி, எரிந்த வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகும். அப்படிப்பட்ட காரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், சில நேரம் அடியில் வெளிர்பழுப்புக் கூழ் அப்பியிருக்கும். டிராஃபிக்கில் நின்று நின்று போகும் கார், புழுதிச் சாலையில் ஓடும் கார் இவற்றுக்கும் சீக்கிரமே மாற்றச் சொல்லிக் கையேட்டில் தனியாகக் குறித்திருப்பார்கள்.

பைக்குகளின் கதை கொஞ்சம் வேறு. பெரும்பாலானவற்றில் சுமார் ஒரு லிட்டர் ஆயில்தான். எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அதுவே. கியர் பற்கள் ஆயிலின் நீண்ட மூலக்கூறுகளை நறுக்கித் தள்ளுவதால் அதன் பிசுபிசுப்பு குறையும். அதனால்தான் அவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கும் குறைவு.

ஆயில் மாற்றவே வேண்டாத எஞ்சினும் இருந்தது! முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு ஊற்றியது நம் விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கெண்ணெய். அது பெட்ரோலில் எளிதில் கரையாது. ஒருமுறை எஞ்சினுக்குள் போய்வந்ததும் புகையோடு வெளியே தெறித்துவிடும், பழைய ஆயில் என்ற பேச்சே இல்லை. தெறித்ததெல்லாம் விமானியின் முகத்தில். அதை அவர் விழுங்கியிருந்தால் வயிறு என்ன ஆகியிருக்கும் என்று பாட்டியைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் கார் இருந்தால் ஒரு சோதனை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் பெரியவர்களோடு பானெட்டைத் திறங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். கீழ்க்குறியையும் தொடவில்லை என்றால் சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஊற்றச் சொல்லுங்கள்.