லாரல் மாலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் ஆடவருக்கே உரியனவாக இருந்தன. இந்நிலையை மாற்ற விழைந்த ஆசிரியை மேரி லயன், ஊர்தோறும் சென்று எளிய குடும்பத்துப் பெண்களிடமும் நன்கொடை திரட்டினார். 1837ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மவுண்ட் ஹோலியோக் என்னும் பெண்கள் உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கினார். கட்டணம் மிகாதிருக்கும்பொருட்டுச் சமையல் முதலிய விடுதிப் பணிகளை மாணவியரே பகிர்ந்து செய்தனர். கவிஞர் எமிலி டிக்கின்சன் இங்குப் பயின்றவர்.

பின்னர் வாசர், வெல்லெஸ்லி, ஸ்மித், ராட்கிளிஃப், பிரின் மார், பர்னார்டு ஆகிய மகளிர் கல்லூரிகள் தோன்றின. இவ்வேழும் ‘ஏழு சகோதரிகள்’ எனப் பெயர்பெற்றன. வாசர் 1969இல் ஆடவரையும் சேர்த்துக்கொண்டது. ராட்கிளிஃப் 1999இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடன் முழுமையாக இணைந்தது. ஏனைய ஐந்தும் இன்றும் மகளிர் கல்லூரிகளாகவே திகழ்கின்றன.

மேரி லயனின் கல்லறை மவுண்ட் ஹோலியோக் வளாகத்திலேயே உள்ளது. பட்டமளிப்பு விழாவிற்கு முதல்நாள், வெண்ணிற ஆடை அணிந்த இறுதியாண்டு மாணவியர், லாரல் தழைகளால் தொடுத்த நீண்ட மாலையைத் தோளில் ஏந்தி அணிவகுத்துச் சென்று, அக்கல்லறையைச் சூழ்ந்த வேலியில் சூட்டுகின்றனர். முன்னாள் மாணவியரும் உடன் செல்கின்றனர். தமக்கு இயல்பாய் வாய்த்த கல்வி, ஒருகாலத்தில் ஒரு பெண் வீடுவீடாகச் சென்று கேட்டுப் பெற்றுத் தந்தது என்பதை, பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் அம்மாலை நினைவூட்டுகின்றது.