பேட்டரி வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறும் நம்மவர்களில் சிலர், ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு உணவு வண்டி ஒன்று வாங்கலாமா என்று எண்ணுகிறார்கள். குளுவாங், கூலாய், சிகாமாட் என ஜொகூரின் எந்த ஊரானாலும், இரவுச் சந்தையில் சூடான தோசைக்கும் அப்பத்திற்கும் வாடிக்கையாளர் உண்டு. ஆனால் வண்டியில் விளக்கு எரிய வேண்டும். குளிர்ப்பெட்டி ஓட வேண்டும். சட்னி அரைக்க வேண்டும். இதற்கெல்லாம் மின்சாரம் எங்கிருந்து வரும்?

ஜெனரேட்டர் ஒரு வழி. அதற்கு எண்ணெய்ச் செலவு உண்டு, இரைச்சலும் உண்டு. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; அடைத்த இடத்தில் ஆளையே கொன்றுவிடும். ஆகவே பேட்டரியை நாடுவது நல்லதே. ஆனால் கணக்குப் பார்க்காமல் வாங்கினால், ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த பணம் வீணாகிவிடும்.

பேட்டரி நமக்குப் புதியதன்று. மலேசியாவில் 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது. லயத்து வீடுகளுக்கு இரவில் சில மணி நேரமே மின்சாரம் கிடைத்த அந்தக் காலத்தில், கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் படம் பார்த்தவர்கள் உண்டு. பேட்டரி தளர்ந்ததும் படம் சுருங்கும். பிறகு அதைச் சுமந்துகொண்டு போய் மின்னேற்றி வர வேண்டும். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி போன்றது. மொண்டால் குறையும், நிரப்பினால்தான் மீண்டும் கிடைக்கும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் அது எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதை ஓடும் நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை நிற்கும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

10 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 200 வாட்-மணி.
25 வாட் மின்விசிறி, 5 மணி நேரம்: 125.
விட்டு விட்டு ஓடும் சிறு குளிர்ப்பெட்டி, சராசரி 25 வாட்: 125.
400 வாட் பிளெண்டர், மொத்தம் 15 நிமிடம்: 100.
40 வாட் தண்ணீர்ப் பம்பு, அரை மணி நேரம்: 20.
கைப்பேசிக்கு 6 வாட், 5 மணி நேரம்: 30.

மொத்தம் 600. வழியில் ஏற்படும் இழப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 720 வாட்-மணி.

இனி பேட்டரியைப் பாருங்கள். தோட்டத்தில் பாலின் எடையை மட்டும் பார்த்துக் கணக்கை முடிப்பதில்லை. மெட்ரோலாக் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். 100 கிலோ பாலில் காய்ந்த ரப்பர் ஏறக்குறைய 30 கிலோதான். பேட்டரியும் அப்படியே. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 1,200 வாட்-மணி உண்டு. ஆனால் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அது விரைவில் கெட்டுவிடும். ஆக, கைக்கு வருவது 600 மட்டுமே. நம் வண்டிக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

ஈய அமில பேட்டரியை 1859இல் பிரெஞ்சுக்காரர் பிளாண்டே கண்டுபிடித்தார். இப்போது பரவிவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு அடிப்படையான ஆய்வு 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. அதை எழுதியவர்கள் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோர். குட்இனஃப் 2019இல் தம் 97ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றார். இவ்வகையில் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,280 வாட்-மணி உண்டு; 80 விழுக்காடு எடுத்தாலே 1,000க்கு மேல் கிடைக்கும். ஒன்றே போதும், எடையும் குறைவு. விலை கூடுதலானாலும் நெடுநாள் உழைக்கும்.

ஒன்றை மறவாதீர்கள். சூடாக்கும் வேலையைப் பேட்டரியிடம் கொடுக்காதீர்கள். 2,000 வாட் மின்கெண்டி பத்தே நிமிடத்தில் 333 வாட்-மணியைக் குடித்துவிடும். அதாவது இரவுத் தேவையில் பாதிக்கு மேல்! அடுப்புக்கு கேஸ், விளக்குக்கும் குளிருக்கும் பேட்டரி. இதுவே சிக்கனம்.

பாதுகாப்பு அதைவிட முக்கியம். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். அந்த 400 வாட் பிளெண்டருக்கே இன்வெர்ட்டர் வழியாக 40 ஆம்பியர் அளவு பாயும். மெல்லிய வயர் சூடேறித் தீப்பிடிக்கும். வயர் தடிப்பாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். வயர் தாங்கும் அளவுக்கு மேற்பட்ட ஃபியூஸ் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். எனவே கேஸ் தோம்பும் பேட்டரியும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. இன்வெர்ட்டரிலிருந்து வரும் 240 வோல்ட் வயரிங்கை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனிடமே ஒப்படையுங்கள்.

மின்னேற்ற, 10 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் வீட்டில் ஆறு மணி நேரம் போதும். 200 வாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 600 வாட்-மணி தரும். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவமழைக் காலத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. வீட்டுச் சார்ஜரும் இருக்கட்டும்.

மெர்சிங் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய்த் தங்கும் வேனுக்கும் இதே கணக்குதான். ஆனால் அங்கே குளிர்ப்பெட்டி இரவு பகலாக ஓடும். 24 மணி நேரத்திற்கு அதற்கு மட்டுமே 600 வாட்-மணி ஆகிவிடும்.

கடைக்காரர் சொல்வதைக் கேட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். இன்றிரவு பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு தாளை எடுத்து, உங்கள் வண்டிக்கு வேண்டிய கருவிகளை வரிசையாக எழுதுங்கள். ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கல்தான். பிள்ளையே போட்டுக் கொடுக்கட்டும். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.